தப்புத் தப்பாக ஒரு சீரியல்... தப்பில்லாமல் ஒரு சிரிப்பு!

"எப்பப் பார்த்தாலும் சீரியல்தானா? வேற வேலையே இல்லையா?"

இந்தக் கேள்வியை உங்கள் மாமியாரிடமோ அம்மாவிடமோ ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள்ளாவது கேட்டிருப்பீர்கள். சீரியலைக் கிண்டல் செய்வது நம் வீடுகளில் ஒரு தனிப் பொழுதுபோக்கு. கதாநாயகி மாடிப்படி இறங்க மூன்று நாள். தூங்கும்போதும் பட்டுப் புடவை. யாராவது "ஆ!" என்று அதிர்ச்சி அடைந்தால் அந்த முகத்தையே ஆறு பக்கமிருந்தும் காட்டுவார்கள். கிண்டல் செய்ய விஷயத்துக்கா பஞ்சம்!

கிண்டலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மட்டமான சீரியலைக் கிண்டல் செய்வது எப்படி என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெண்மணி பாடமே நடத்தியிருக்கிறார். அதை நேரில் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தவள் என்ற உரிமையில் உங்களிடம் கொஞ்சம் பேசுகிறேன்.

அந்தக் கேலித் தொடரின் பெயர் 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்'. ஏகார்ன் என்றால் ஓக் மரத்துக் கொட்டை. ஆன்டிக்ஸ் என்றால் பழங்காலச் சாமான்கள். மான்செஸ்டர்ஃபோர்ட் என்ற இல்லாத ஊரில் பழைய சாமான் விற்கிற ஒரு கடை, அங்கே வேலை பார்ப்பவர்களின் கதை. எழுதியவர் விக்டோரியா வுட். 1985-லும் 1986-லும் பி.பி.சி.-2 சேனலில் 'விக்டோரியா வுட் ஆஸ் ஸீன் ஆன் டி.வி.' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வருஷத்துக்கு ஆறு வாரம்தான். 1987-ல் ஒரே ஒரு சிறப்பு நிகழ்ச்சி, அத்தோடு முடிந்தது. அந்த நிகழ்ச்சிக்கு நடுவில் சில நிமிஷங்கள் இந்தக் கடைக் கதை வரும். நிஜ சீரியல் மாதிரியே டைட்டில் மியூசிக், குடும்ப ரகசியம், திடுக்கிடும் திருப்பம்... எல்லாம் உண்டு.

என்ன வேடிக்கை என்றால், அதில் எதுவுமே ஒழுங்காக நடக்காது.

ஒருவர் தன் வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவர் பேசுவார் என்று காத்திருப்பார். அடுத்தவரோ இவர் இன்னும் முடிக்கவில்லை என்று காத்திருப்பார். இரண்டு பேரும் பரிதாபமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேலே தொங்க வேண்டிய மைக் தலைக்கு நேரே எட்டிப் பார்க்கும். சுவர் என்று காட்டப்படும் அட்டைத் தடுப்பு ஆட்டம் காணும். வசனத்தில் வருகிற சாமான் மேஜை மேல் இருக்காது. போன வாரம் தலைபோகிற விஷயமாக இருந்தது, இந்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற கணக்கோ... கேட்கவே வேண்டாம்!

கடையின் முதலாளியம்மா மிஸ் பேப்ஸாக ஸீலியா இம்ரி. மிஸ் பெர்ட்டாவாக விக்டோரியா வுட்டே. மிஸ்டர் க்ளிஃபோர்டாக டங்கன் பிரஸ்டன். இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஒருவர் உண்டு. கடைக்கு டீ போட்டுக் கொடுக்கும் மிஸஸ் ஓவரால்! நடித்தவர் ஜூலி வால்டர்ஸ். 'ஓவரால்' என்பது அங்கே வீட்டு வேலை செய்யும் பெண்கள் உடைக்கு மேல் போட்டுக்கொள்கிற அங்கி. அதையே பேராக வைத்துவிட்டார்கள். நம்மூரில் ஒரு பாத்திரத்துக்கு 'திருமதி முந்தானை' என்று பேர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி!

கூன் விழுந்த முதுகு, கையில் டீத் தட்டு, தட்டில் மாக்கரூன் பிஸ்கட், வாயில் எப்போதும் தயாராக ஒரு பழமொழி. இதுதான் மிஸஸ் ஓவரால். தன் முறை வருவதற்கு முன்பே கதவுக்குப் பின்னால் வந்து நிற்பது காமிராவில் தெரிந்துவிடும். உலகமே இடிந்து விழுகிற காட்சியானாலும் சரி, டீத் தட்டு வந்தே தீரும். அந்த அம்மாளைப் பார்த்தால் எழுபது வயசு என்று சத்தியம் செய்வீர்கள். 1985-ல் ஜூலி வால்டர்ஸுக்கு வயது 35தான்!

(நம் பத்திரிகை வாசகர்களுக்காக ஒரு கொசுறு: இந்த ஜூலி, நடிப்புக்கு வருவதற்கு முன்பு பர்மிங்ஹாமில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர்.)

எதைக் கிண்டல் செய்தார்கள்?

இது சும்மா கற்பனையில் உதித்த கூத்து அல்ல. 'கிராஸ்ரோட்ஸ்' என்ற நிஜ சீரியல் அங்கே 1964 நவம்பரில் ஆரம்பித்து 1988 வரை ஓடியது. 4500 பகுதிகளுக்கும் மேல். பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு மோட்டல், அதை நடத்தும் மெக் என்ற பெண்மணி, அங்கே வந்து போகிறவர்கள், இதுதான் கதை. உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் வரை பார்த்தார்கள் என்பார்கள். ஆனால் பத்திரிகை விமர்சகர்கள் அதைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். ஆடுகிற செட், தடுமாறுகிற வசனம் என்றால் உடனே கிராஸ்ரோட்ஸ்தான் உதாரணம்.

ஏன் அப்படி? அந்த நடிகர்களுக்கு நடிக்கத் தெரியாமலா? இல்லீங்க. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து பகுதி. அந்தக் காலத்தில் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது ஏகப்பட்ட செலவு, நேரமும் பிடிக்கும். அதனால் ஏறக்குறைய நேரடி ஒளிபரப்பு மாதிரி ஒரே மூச்சில் நடித்து முடிக்க வேண்டும். வசனம் தடுமாறினாலும் நிறுத்தக் கூடாது, சமாளித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிறகு 1967-ல் வாரத்துக்கு நான்காகவும் 1980-ல் மூன்றாகவும் குறைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரே அடுப்பில் ஐந்து பேருக்கு ஐந்து விதமாக டிபன் செய்கிறவளிடம் போய், "சட்னியில உப்பு ஒரு கல் தூக்கல்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த நடிகர்களின் நிலைமை அதுதான்.

விக்டோரியா வுட் விஷயம் நேர் எதிர். அவருடைய ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்ல விடமாட்டார் என்று கூட நடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மிஸஸ் ஓவரால் இரண்டு வினாடி முந்தி வரவேண்டும் என்றால் இரண்டே வினாடிதான், மூன்று ஆனால் சிரிப்பு வராது. சுருதி சுத்தமாகப் பாடத் தெரிந்த பாகவதரால்தான் வேணுமென்றே சுருதி தப்பிப் பாடிக் காட்டவும் முடியும். நிஜமாகவே சுருதி தப்புகிறவர் பாடினால் நமக்கு வருவது சிரிப்பு இல்லை, தலைவலி!

எங்கள் வீட்டு நடுக்கூடம்

என் கணவர் அப்போது பர்மிங்ஹாமில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். 1984-ல் மாமனார் காலமான பிறகு, அத்தையைத் தனியாக விட மனசில்லாமல் எங்களோடு அழைத்துப் போயிருந்தோம். ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும். அங்கே? ஜன்னலைத் திறந்தால் பனி. தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆங்கிலத்தில் அத்தைக்குத் தெரிந்தது 'தேங்க்யூ'வும் 'ஸாரி'யும்தான். கொடுத்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அத்தை விரும்பிப் பார்த்தது எது என்கிறீர்கள்? சாட்சாத் கிராஸ்ரோட்ஸ்தான்! பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரப் பாட்டியும் சில நாள் வந்து சேர்ந்துகொள்வார். "இது நம்ம பர்மிங்ஹாம்லயே எடுக்கிற கதையாக்கும்" என்று அவருக்கு ஒரே பெருமை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் கம்பளித் தொப்பி போட்ட பென்னி என்ற அப்பாவி வேலைக்காரப் பையன் வந்தால், இரண்டு கிழவிகளும் ஒரே மாதிரி "த்சொ... த்சொ" கொட்டுவார்கள். எனக்குப் பார்க்க அதிசயமாக இருக்கும்.

என்னவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "என்னம்மா, இந்த ஊர்க்காரனே காறித் துப்புற குப்பை இது. இதைப் போய்ப் பார்க்கிறியே!" என்பார். பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் அத்தை சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அவர் சீரியலைத்தான் சொன்னார். அத்தையின் காதில் விழுந்தது என்னவோ 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்பதுதான்.

ஒரு நாள் ராத்திரி பி.பி.சி.-யில் விக்டோரியா வுட் நிகழ்ச்சி. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு ஓரமாகப் பருத்திக் கொட்டை அளவுக்கு விபூதி மடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான் கடை வந்தது. மைக் எட்டிப் பார்த்தது. மிஸஸ் ஓவரால் தட்டோடு முன்னாடியே வந்து முழித்தார். திடீரென்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அத்தைதான்! "ஏண்டாப்பா... இது அந்த மோட்டல் கதையைல்ல பரிகாசம் பண்றான்! அங்கயும் இப்படித்தான்டா கதவுகிட்ட வந்து நின்னுட்டு முழிப்பா!"

நாங்கள் திகைத்துப் போனோம். வசனத்தில் ஒரு வரி புரியாதவர், எங்களுக்கு முன்னால் ஜோக்கைப் பிடித்துவிட்டார். எப்படி? மாதக்கணக்காக அந்தச் சீரியலை ஒருநாள் விடாமல், ஆசையாகப் பார்த்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். என்னவர் கிராஸ்ரோட்ஸைத் திட்டியிருக்கிறாரே தவிர, ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பார்த்தது கிடையாது. அன்றைக்கு அவர்தான் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அங்க எப்படிம்மா நிப்பாங்க?" அத்தை எழுந்து, சால்வையோடு நடித்தே காட்டிவிட்டார்கள்!

அதிலிருந்து அந்த நிகழ்ச்சி வருகிற ராத்திரி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாயிற்று. அத்தையின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். துக்கம் அதன் போக்கில்தான் போயிற்று, வருஷங்கள் பிடித்தது. ஆனால் அந்தக் கூடத்தில் அத்தை 'ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஆள்' என்கிற நிலை மாறிப் போனது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஒன்றை நன்றாகக் கேலி செய்ய வேண்டுமானால் அதை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். நன்றாகப் பார்ப்பதற்கு அதன் மேல் கொஞ்சம் பிரியம் வேண்டும். தள்ளி நின்று 'குப்பை' என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம், அதற்கு மூளையே வேண்டாம். வீட்டில் சீரியல் பார்க்கிறவரை மட்டம் தட்டுகிற கிண்டலுக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சீரியலையே கிண்டல் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அறைக்கு ஒரு ஆள்

விக்டோரியா வுட் 1953-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் வடக்கே பரி என்ற ஊருக்கு வெளியே, மேட்டு நிலத்தில் தனியாக நின்ற ஒரு பெரிய வீட்டில் வளர்ந்தார். நான்கு குழந்தைகளில் கடைக்குட்டி. அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு உலகம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, பேசுவது எல்லாம் அபூர்வம். இந்தப் பெண் தன் அறையில் பியானோ, புத்தகம், டி.வி., கூடவே தின்பண்டம் என்று காலத்தைத் தள்ளினார். தனிமைக்குத் துணையாகச் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டதையும், உடம்பு எடையோடு வெகுகாலம் மல்லுக்கட்டியதையும் அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2004-ல் 'விக்டோரியா வுட்ஸ் பிக் ஃபேட் டாக்குமென்டரி' என்று, உடம்பை இளைக்க வைக்கிறேன் பேர்வழி என்று நடக்கிற வியாபாரத்தைப் பற்றி ஒரு டி.வி. படமே எடுத்தார்.

தனியாக உட்கார்ந்து டி.வி. பார்த்த அந்தச் சிறுமியின் கண்ணில் பட்டதெல்லாம்தான் பின்னால் ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற வேடிக்கையாக வெளியே வந்தது என்பது என் எண்ணம்.

அவருடைய வீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரவில்லை. நம் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. மகன் ஒரு அறையில் காதில் மாட்டிக்கொண்டு, மகள் ஒரு அறையில் செல்போனோடு, அப்பா வராந்தாவில் வீடியோ பார்த்துக்கொண்டு, பாட்டி மட்டும் கூடத்தில் சீரியலோடு! நான்கு பேரும் சிரிக்கிறார்கள்தான். நான்கு பேரும் தனித்தனியாக.

'அதனால் என்ன, சிரிப்பு சிரிப்புதானே?' என்பீர்கள். அப்படி இல்லை. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, நாலு பேரோடு இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோமாம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. காமெடி வீடியோ காட்டிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கி, உறைபனிக் குளிர்ச்சி உள்ள உறையை மாட்டி, எவ்வளவு நேரம் வலி பொறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. சிரிப்பு வராத வீடியோ பார்த்தவர்களுக்குக் கூடவில்லை. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது உடம்பில் சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

அதற்காக 'சிரித்தால் சர்க்கரை குறையும், கட்டி கரையும்' என்று கிளம்பிவிடாதீர்கள்! நார்மன் கஸின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், தண்டுவட நோயில் படுத்தபோது பத்து நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூக்கம் வந்தது என்று 1976-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகமெங்கும் பரபரப்பு. ஆனால் அது ஒரே ஒரு ஆளின் சொந்த அனுபவம், கூடவே ஏராளமாக வைட்டமின் 'ஸி'யும் எடுத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்திவிட்டு காமெடி சேனலைப் போட்டால் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் வயசானவர் துக்கத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று பேசிக்கொண்டிருந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். டி.வி. பார்த்துக்கொள்ளாது.

பார்க்கில் வட்டமாக நின்று 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பு கிளப்பை டாக்டர் மதன் கட்டாரியா 1995-ல் மும்பையில் ஐந்தே பேரோடு ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளிலேயே நல்ல ஜோக் ஸ்டாக் தீர்ந்து, யாரையாவது புண்படுத்துகிற ஜோக்குகள் வர ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் ஜோக்கே இல்லாமல் சிரிக்கிற முறைக்கு மாறினார்கள். எனக்குக் காரணமில்லாத சிரிப்பு ஒட்டாது, அது என் சுபாவம். ஆனால் அந்தப் பிரச்னை மட்டும் நிஜமான பிரச்னை. புண்படுத்தாத ஜோக்குக்கு எங்கே போவது?

எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு

விக்டோரியா வுட் எழுதியதெல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். அதே நிகழ்ச்சியில் 'டூ சூப்ஸ்' என்று ரொம்பப் புகழ்பெற்ற ஒரு காட்சி. ஒரு ஹோட்டல். அவசரத்தில் இருக்கும் ஒரு ஜோடி. காது சரியாகக் கேட்காத, கை நடுங்கும் வயசான சர்வர் அம்மாளாக மறுபடியும் ஜூலி வால்டர்ஸ். ஆர்டரை வாங்குவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். சூப் மேஜைக்கு வந்து சேருவதற்குள் கிண்ணத்தில் மிச்சம் இருக்காது. இங்கிலாந்தே அதைக் கொண்டாடுகிறது. நானும் சிரித்தேன்தான். ஆனால் கை நடுக்கம் என்பது பல வீடுகளில் தினசரி வேதனை. பார்க்கின்ஸன்ஸ் வந்த ஒருவர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அங்கே சிரிப்பு ஒரு கிழவியின் உடம்பை நம்பி இருக்கிறது.

மிஸஸ் ஓவரால் அப்படி இல்லை. கூன் முதுகுதான், ஆனால் நாம் சிரிப்பது அந்த முதுகைப் பார்த்து இல்லை. அவசரமாக, செலவில்லாமல், 'இவங்களுக்கு இது போதும்' என்ற அலட்சியத்தோடு சீரியல் எடுத்துத் தள்ளுகிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான். அந்த நிகழ்ச்சியில் சூஸி பிளேக் என்ற நடிகை அறிவிப்பாளராக வருவார். அழகாகச் சிரித்துக்கொண்டே நேயர்களை, அதிலும் வடக்கத்திக்காரர்களை, மட்டம் தட்டிப் பேசுவார். வடக்கத்திக்காரரான விக்டோரியா யாரைக் குத்துகிறார் என்பது அங்கே பளிச்சென்று தெரியும். மக்களைக் கீழே வைத்துப் பார்க்கிறவர்களைத்தான் குத்தினார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்களை அவர் ஒரு நாளும் முட்டாள்கள் ஆக்கவில்லை.

அசல் கிராஸ்ரோட்ஸில் மெக்காக நடித்த நோயல் கார்டனுக்கு வந்த கதி தெரியுமா? பதினேழு வருஷம் அந்தச் சீரியலைத் தோளில் தூக்கிச் சுமந்தவரை 1981-ல் நீக்கிவிட்டார்கள். நேயர்கள் கொதித்துப் போனார்கள், பலிக்கவில்லை. 1985-ல் அவர் இறந்துபோனார். விமர்சகர்கள் சிரித்த அந்தப் பெண்மணியைப் பற்றி 2023-ல் 'நாலி' என்று ஒரு தொடரே வந்தது. ஹெலினா போனம் கார்ட்டர் நடித்தார், எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். இங்கிலாந்தின் முன்னணி எழுத்தாளர்களில் ஒருவர், இத்தனை வருஷம் கழித்து, ஆடுகிற செட்டுக்கு நடுவில் நின்று உழைத்த ஒரு பெண்ணுக்கு மரியாதை செய்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்திருந்தால், "நான் அப்பவே சொல்லலை?" என்று கேட்டிருப்பார்.

'ஏகார்ன் ஆன்டிக்'ஸும் லேசில் ஓயவில்லை. 2005-ல் லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரில் அதைப் பாட்டும் கூத்துமாக மேடை நாடகம் ஆக்கினார் விக்டோரியா. இயக்கியது ட்ரெவர் நன். மிஸ் பேப்ஸாக மறுபடி வந்த ஸீலியா இம்ரிக்கு அதற்காக ஒலிவியே விருது கிடைத்தது. சில நிமிஷத் துணுக்குக்கு இருபது வருஷ ஆயுள்! மிஸஸ் ஓவராலின் டீத் தட்டு அந்த அம்மாவை லேசில் விடவில்லை போலிருக்கிறது. 2013-ல் பி.பி.சி.-க்காக டீயின் கதையைத் தேடி நம் கல்கத்தா, அஸ்ஸாம் பக்கமெல்லாம் வந்து போனார். 2016 ஏப்ரலில், 62 வயதில் புற்றுநோயில் காலமானார். பரியில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஜூலி வால்டர்ஸுக்கும் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோதெரபி எல்லாம் முடித்து மீண்டு வந்து, 2020-ல் தானே டி.வி.யில் அதைச் சொன்னார்.

அத்தை இப்போது இல்லை. கடைசி வரைக்கும் டீத் தட்டோடு யாராவது வேளை கெட்ட வேளையில் அறைக்குள் நுழைந்தால், "வந்துட்டாடா ஓவராலு!" என்பார்கள். பேத்திகளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஏன், எதற்கு என்று தெரியாமலேயே சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர் சீரியல் போடும்போது செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'யாரு இவ? யாருக்கு மருமக?' என்று கேளுங்கள். முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், "என்ன இன்னிக்கு அதிசயமா?" என்பார்கள். பரவாயில்லை. கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வில்லி மூன்றாவது முறையாகப் புருவத்தைத் தூக்கும்போது நீங்களும் தூக்கிக் காட்டுங்கள். அப்புறம் பாருங்கள், உங்களைவிடப் பத்து மடங்கு நக்கல் அவர்களிடமிருந்து வரும்! நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களே!

'ஏகார்ன் ஆன்டிக்'ஸைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பழைய துணுக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன, டி.வி.டி.யும் வந்திருக்கிறது. ஆங்கிலம் வேகமாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், எங்கள் அத்தைக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாதா? ஒன்று மட்டும். பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பின்னால் இருக்கிற கதவைக் கவனியுங்கள்.